ஆத்தாள் ஏறிய மோட்டார்

மாரியாத்தாள் துணை

பதினெட்டாங்கட்டைத் தோட்டம்,
செனாய், ஜொகூர்.
யுவ வருஷம், ஆவணி மாதம்.

என் கண்ணான மகள் செல்வராணிக்கு,

உன் அப்பா அர்ச்சுனன் தன் சொந்தக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே, வேறு யார் வீட்டுக்கோ வந்த கடிதம் என்று தபால்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே, நான்தான். இங்கே நானும் உன் அம்மாவும் ஆத்தாள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே சுங்கைப்பட்டாணியில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும், இருக்கிறோம் என்று நீ எழுதினால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி எழுதியது. அவன் பாதியைக் கேட்பான், மீதியை அவனே சேர்த்துக்கொள்வான், போன தீபாவளிக்கு நான் சொல்லாத ஆசீர்வாதமெல்லாம் உனக்கு வந்திருக்கும். இனி அந்தக் கவலை இல்லை. ரப்பர் ஷீட்டு அடுக்குகிற பலகைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்து, மை சிந்தாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன், நான் மனசில் நினைத்ததே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்த அதிசயத்தைப் பார்க்க வா என்று உன் அம்மாவைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். சவுக்காரக் கட்டியின் உறை, காலண்டர், கடை வாசல் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்காட்டி அவள் காதைப் புண்ணாக்கிவிட்டேனாம். வெட்டிய மரத்துக்கும் படித்துக் காட்டுவார் இந்த மனுஷன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீ எழுதிய கடிதத்தையும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாப்பிள்ளை பழைய மோட்டார் ஒன்று வாங்கியிருக்கிறார், காலையில் அது கிளம்ப மறுக்கிறது, தெருவில் இருப்பவர்கள் வந்து தள்ளுகிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள், என்னால் சிரிக்க முடியவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. என்னடா இந்தக் கிழவன் மோட்டாரைப் பற்றிப் பேசுகிறானே என்று அவர் நினைக்க வேண்டாம், இங்கே மோட்டார் ஓட்டுகிற செல்லப்பன் எனக்கு விளக்கமாகச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பேட்டரி செத்துவிட்டால் பித்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் களுக் என்று ஒரு சத்தம்தான் வரும். முன்னால் இருக்கிற ஓட்டையில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றலாம், ஆனால் அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும், கட்டை விரலை மடக்கிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டுமாம். ஹாண்டில் இல்லாவிட்டால் தள்ளித்தான் ஆக வேண்டும். முதல் காரியமாக லாம்பை அணைக்க வேண்டும், பேட்டரியில் மிச்சம் இருக்கிற கொஞ்ச உயிரையும் லாம்பு குடித்துவிடும். சாவியைப் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் வைத்து, நாலு பேர் தள்ளி வண்டி நன்றாக ஓட்டம் பிடித்த பிறகு கிளச்சைச் சட்டென்று விட வேண்டும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இஞ்சின் பிடித்துக்கொள்ளும், உடனே கிளச்சை மறுபடி மிதித்துவிட வேண்டும். சரிவாக இருந்தால் ஆள் அதிகம் வேண்டாம். பிடித்த பிறகு உடனே நிறுத்திவிடாமல் ரொம்ப தூரம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் பேட்டரிக்குத் திரும்ப உயிர் ஏறும். பின்பக்கம்தான் சரிவு என்றால் பின்னுக்குப் போகிற கியரில் வைத்தும் இப்படியே செய்யலாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ராணி, இதையெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று உன்னிடம் பெருமை அடிக்க எனக்கு வாய் இல்லை. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொன்னால் உன் அப்பாவைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ. உன் கூட்டாளி வெள்ளையம்மா தோட்டத்தை விட்டு மூவாரில் இருக்கிற அக்காள் வீட்டுக்கே போய்விடுவது என்று பெட்டி கட்டினாள், அதற்குக் காரணம் நான்தான். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சின்னக் கிராணியிடம் சொல்லி எழுத வைக்கக்கூடிய கதையா இது?

புருஷன் செத்த பிறகு வெள்ளையம்மா இங்கே திரும்பி வந்தது உனக்குத் தெரியும். காலையில் புல் வெட்டப் போகிறாள், சாயங்காலம், பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள், அதை நான் உனக்கு எழுத வைத்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. ஜொகூர் பாருவில் படித்த படிப்பை மண்ணில் போட வேண்டாம் என்று அவளே ஆரம்பித்தது. முதல் நாள் நான் போய் வாசலில் நின்றேன், உள்ளே வர வெட்கம். வாங்க பெரியப்பா, என்ன பார்க்குறீங்க, உங்களுக்கும் ஒரு சிலேட்டு எடுத்து வெச்சிருக்கேன் என்றாள். நீயும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்ட நாளிலிருந்து அவளுக்கு நான் பெரியப்பா, உன் அம்மா பெரியம்மா. முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்துப்போன விரலில் பலப்பம் நிற்கவே மாட்டேன் என்றது, அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. பெரியப்பா, கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க, அது ஓடிப் போகாது என்பாள். இப்போது நீ படிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவள் போட்டது என்று வைத்துக்கொள்.

ஆடி மாசம் நம்ம கோயில் திருவிழா. வருஷா வருஷம் ஆத்தாளை மாட்டு வண்டியில் வைத்து லயத்து வீடுகளைச் சுற்றி வருவோமே, இந்த வருஷம் மாட்டுக்குக் கால் வீங்கிப் போயிற்று. பெரிய கிராணி கனகராஜ் ஒரு பழைய மோட்டார் வாங்கி வைத்திருக்கிறார், மேலே துணிக்கூரை போட்ட வண்டி, அதைக் கொடுக்கிறேன் என்று அவரே முன்வந்தார். துணிக்கூரையை மடக்கிவிட்டுப் பின்சீட்டின் மேல் குறுக்காகப் பலகை அடித்து, அதன் மேல் ஆத்தாள். செல்லப்பன் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஆத்தாள் தலைக்கு மேல் சின்னச் சின்னக் குமிழ் லாம்புகளை வளைவாகக் கட்டினான். முன்னால் கண் மாதிரி இரண்டு பெரிய லாம்பு வேறு. அந்த லாம்புக்கெல்லாம் சுவிட்சைப் பார்த்துக்கொள்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காய நெருப்பு அவியாமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர், இவரை விட்டால் யார் என்று கிராணியே எல்லார் முன்னாலும் சொன்னார். ராணி, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு. அதோடு நிற்காமல் வண்டியின் முன்னால் தொங்கவிட ஒரு பலகையில் மாரியம்மன் துணை என்று நானே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தனியாக எழுதினால் கோணிக்கொள்ளும் என்று வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு வந்து வண்டி முன்னால் உட்கார வைத்தேன். அவள் வேண்டாம் பெரியப்பா, சாமி வண்டி, நான் கிட்ட வந்தா யாராவது ஏதாவது சொல்லுவாங்க என்றாள். யார் சொல்லுவாங்க, நான் இருக்கேன் என்றேன். நான் இருக்கேன் என்று சொன்னது இந்த வாய்தான். அவள் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தாள், நான் அதன் மேல் சாயம் தடவினேன்.

செல்லப்பன் என்னிடம் நன்றாகத்தான் சொன்னான். தாத்தா, சாமி கிளம்பும்போது நான் இஞ்சினை ஓட்டுவேன், அப்புறம் லாம்பு போடுங்க, அதுக்கு முன்னால கை வைக்காதீங்க என்றான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ராகு காலம். ஆத்தாள் வாகனத்துக்கு முதல் விளக்கு ராகு காலத்தை ஒட்டிப் போடுவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. காலண்டரில் நல்ல நேரம் எது என்று நானே படித்தேன், படிக்கத் தெரிந்த திமிர், அந்த நல்ல நேரத்தில் யாரும் பார்க்காதபோது சுவிட்சைப் போட்டுவிட்டேன். வெயிலில் லாம்பு எரிவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. போட்டதை உடனே அணைத்திருக்கலாம். ஆத்தாள் முன்னால் ஏற்றிய விளக்கைக் கையால் அணைப்பதா? புகைக்கொட்டகையில் நெருப்பை அவியவிடாத கைக்கு அந்த நினைப்பே வராது. நெருப்புக்கு விறகு போடுகிறோம், இதற்கு எங்கிருந்து விறகு வருகிறது என்று ஒரு தரமாவது யோசித்தேனா, இல்லை.

இருட்டுகிற நேரம் ஆத்தாளைப் பலகையில் ஏற்றிக் கயிறு கட்டி, தீபாராதனை ஆயிற்று, மேளம் அடித்தார்கள். செல்லப்பன் பித்தானை அழுத்தினான், களுக் என்றது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினான். ஆத்தாள் தலைக்கு மேலே எரிந்த குமிழெல்லாம் சுருட்டு நுனி மாதிரி சிவந்து போயிருந்தது. ஹாண்டிலை எடு என்றார் கிராணி. ஹாண்டில் எங்கே இருக்கிறது? பின்சீட்டுக்கு அடியில். பின்சீட்டின் மேல் பலகை, பலகையின் மேல் ஆத்தாள். ஊர்வலத்துக்கு ஏறிய சாமியைச் சுற்றி வராமல் கீழே இறக்கக் கூடாது என்று பூசாரி குறுக்கே நின்றுவிட்டார். சரி, தள்ளு என்றார்கள். வண்டி கோயில் மேட்டைப் பார்த்து நிற்கிறது, மேலே ஏறித்தான் சுற்றி வர வேண்டும். இளவட்டங்களெல்லாம் சேர்ந்து தள்ளினார்கள், மேட்டில் வண்டிக்கு ஓட்டமே வரவில்லை, செல்லப்பன் கிளச்சை விட்டதும் கல்லில் மோதின மாதிரி நின்றது, ஆத்தாள் ஒரு ஆட்டம் ஆடினாள். பெண்கள் ஐயோ என்று அலறினார்கள். பின்னால் சரிவு இருக்கு, பின்னால விட்டா ஒரு நொடியில பிடிச்சுக்கும் என்றான் செல்லப்பன். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார், ஆத்தா பின்னுக்குப் போறதா, தோட்டமே அழிஞ்சு போகும்டா என்றார்.

அப்போது செல்லப்பன் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், தாத்தா, லாம்பை எப்போ போட்டீங்க என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புது வேட்டியும் சிவப்புத் துண்டுமாக நின்றேன். இப்பத்தான் தம்பி என்றேன். ராணி, அந்த இரண்டு வார்த்தையை எழுதுவதற்குள் என் கை இரண்டு தரம் நின்றுவிட்டது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அதற்குள் ராசம்மா, லயத்தின் கோடி வீட்டுக்காரி, அவள் வாயைப் பற்றி உனக்குத் தெரியுமே, மத்தியானம் இந்த வண்டி முன்னால யாரு உக்காந்திருந்தா, பலகையில யாரு கை பட்டுது, எல்லாருக்கும் கண்ணு இல்லையா, தாலி இல்லாதவ கை பட்ட வண்டியில ஆத்தா எப்படி வருவா என்று கூவினாள். கூட்டம் அப்படியே வெள்ளையம்மா பக்கம் திரும்பியது. அவள் என்னைப் பார்த்தாள். பெரியப்பா கூப்பிட்டார் என்று அவள் சொல்லவில்லை, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை, வழிதான் விட்டார்கள்.

அப்புறம் வழி கண்டுபிடித்தவள் உன் அம்மா. ஏய்யா, ஆத்தா பின்னுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதானே, அவ மூஞ்சியச் சரிவுப் பக்கம் திருப்பி வைங்க, அவ முன்னாலதான் போவா, வண்டி எப்படிப் போனா அவளுக்கென்ன என்றாள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, கிருஷ்ணம்மா சொல்றதுல குத்தமில்ல என்றார். கயிற்றை அவிழ்த்து, கீழே இறக்காமல், பலகையின் மேலேயே ஆத்தாளைத் திருப்பி வைத்தார்கள். லாம்பை அணைக்கணும் என்றான் செல்லப்பன், உன் அம்மா அகல் விளக்கு ஒன்றை ஏற்றி ஆத்தாள் பக்கத்தில் பிடித்துக்கொண்ட பிறகுதான் நான் சுவிட்சைத் தொட்டேன். வண்டி சரிவில் உருண்டது, பின்கியரில் கிளச்சை விட்டான், ஒரு குலுக்கு, டமடம என்று இஞ்சின் பிடித்துக்கொண்டது. சரிவின் கீழே ஆத்தாளைப் பழையபடி முன்பக்கம் திருப்பிக்கொண்டு, அத்தனை லாம்பும் பளீர் என்று எரிய, ஊர்வலம் போயிற்று. மேளம், குலவை, எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். ராசம்மா என் காதருகில் வந்து, பார்த்தீங்களா தாத்தா, அவ நகர்ந்தா, ஆத்தாவும் நகர்ந்தா என்றாள்.

இதுதான் என்னைக் கொன்றது. வண்டி கிளம்பாமலே போயிருந்தால் பழியில் பாதியாவது எல்லார் தலையிலும் விழுந்திருக்கும். கிளம்பிவிட்டதே, அதனால் ராசம்மா சொன்னது நிஜமாகிவிட்டது. மறுநாளிலிருந்து பிள்ளை மடுவத்தில் பாடத்துக்கு ஆள் வரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வெள்ளையம்மா குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். புல் வெட்டுகிற கும்பலில் அவளை ஓரத்து நிரைக்குத் தள்ளினார்கள். கிராணிக்கோ கொண்டாட்டம், ஆத்தாள் நின்று காட்டிய மோட்டார் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் வந்து வண்டிக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். நான் புகைக்கொட்டகைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் கஞ்சியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். லாம்பு எப்போ போட்டீங்க, எனக்குச் சொல்லுங்க என்றாள். சொன்னேன். கஞ்சி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றாள், பிறகு, இந்தத் தோட்டத்துக்கே சொல்லுங்க, எனக்கு மட்டும் சொல்லி என்ன ஆகப் போகுது என்றாள்.

கோயிலில் எல்லாரும் கூடிய நாளில் எழுந்து நின்று சொன்னேன். லாம்பைப் போட்டது நான், பகலிலேயே போட்டுவிட்டேன், பேட்டரி செத்தது என்னால், வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்ததும் நான், இப்பத்தான் என்று பொய் சொன்னதும் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? யாரும் நம்பவில்லை. தாத்தாவுக்குத் தங்கமான மனசு, மக கூட்டாளிப் பொண்ணுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்குறாரு என்று என்னைப் புகழ்ந்தார்கள். ராசம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். செல்லப்பன் மட்டும், அதானே பார்த்தேன், லாம்பு சிவக்கிறப்பவே எனக்குத் தெரியும், செத்த பேட்டரிக்கு ஆத்தா என்ன பண்ணுவா என்று எழுந்தான், நீ உக்காருடா என்று கிராணி அடக்கிவிட்டார், குங்குமம் வைத்த வண்டியின் பெயர் கெட்டுவிடுமே. அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு வந்த வெட்கத்தை எழுத என்னிடம் எழுத்து போதாது. செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம், பாராட்டு வாங்கிக்கொண்டு எப்படி நடப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மா மூவாருக்குக் கிளம்புகிறாள் என்று உன் அம்மா வந்து சொன்னாள். பெருரோட்டில் சாயங்கால பஸ்ஸாம். நான் மத்தியானமே கிராணி வீட்டுக்குப் போனேன். வண்டி வீட்டைப் பார்த்து மேட்டில் நிற்கிறது, பின்னால் சரிவு, ஆத்தாளுக்கு நின்ற மாதிரியே. கிராணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். முன் லாம்பு இரண்டையும் போட்டேன். இந்த முறை ஒளிக்கவில்லை, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, இதோ லாம்பு போட்டிருக்கேன், பார்த்துக்குங்க, சாட்சி நீங்க என்றேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு என்று சிலர் சிரித்தார்கள், சிலர் வேடிக்கை பார்க்க அங்கேயே குந்திவிட்டார்கள். நான் வண்டியில் ஏறி, ஆத்தாள் உட்கார்ந்த அதே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் கிராணி வேட்டி மாற்றிக்கொண்டு, ஜொகூர் பாருவுக்குக் கிளம்ப வந்தார். செல்லப்பன் பித்தானை அழுத்தினான், களுக். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், எரிகிற லாம்பைப் பார்த்தான், சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ஹாண்டிலை எடு என்றார் கிராணி. இறங்குய்யா கிழவா என்றார். நான் இறங்கவில்லை. ஹாண்டில் எனக்கு அடியில இருக்கு, இப்ப என்னை ஆத்தான்னு நினைச்சுக்குங்க, சுத்தி வராம என்னை இறக்கக் கூடாது, தள்ளுங்க என்றேன். அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கிராணி. கூட்டம் சேர்ந்துவிட்டது, யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இளவட்டங்கள் மேட்டில் தள்ளினார்கள், வண்டி கல்லில் மோதின மாதிரி நின்றது, அன்றைக்கு மாதிரியே. யாரு கை பட்டுது, தேடுங்க என்றான் ஒருவன். அப்போது உன் அம்மா வெள்ளையம்மாவின் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பஸ் பிடிக்கப் போனவளை வழியில் மடக்கியிருக்கிறாள். பெட்டியைக் கீழே வைத்து, வெள்ளையம்மாவின் கையை எடுத்து வண்டியின் முன்பக்கம் குங்குமம் வைத்த இடத்தில் அழுத்தி, இந்தக் கைதானே, இப்ப எல்லாரும் தள்ளுங்க, பின்னால விடுங்க என்றாள். லாம்பை நான் அணைத்தேன். வண்டி சரிவில் உருண்டது, வெள்ளையம்மாவும் தள்ளிக்கொண்டே கூட ஓடி வந்தாள், செல்லப்பன் கிளச்சை விட்டான், டமடம என்று பிடித்துக்கொண்டது. ராசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வெள்ளையம்மாவின் பெட்டியைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, பெட்டியை மட்டும் வெள்ளையம்மா வீட்டு வாசல் வரை கொண்டுபோய் வைத்தாள். பஸ் போய்விட்டது.

கிராணி என்னைப் புகைக்கொட்டகை வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டுவிட்டார், அது சரிதான், அதைப் பற்றி நீ கவலைப்படாதே, வெயில் எனக்குப் பழக்கம்தான். பிள்ளைகள் என்னைப் பார்த்தால் பேட்டரி ஆத்தா என்று கும்பிடுகிறார்கள், அதுவும் சரிதான். தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் பழையபடி இருக்கின்றன. பாடமும் ஆரம்பித்துவிட்டது, ஆள் முன்னைவிட அதிகம், ராசம்மா கூட வந்து உட்கார்ந்து ஆனாவுக்குச் சுழி போடத் தெரியாமல் எல்லாரையும் திட்டுகிறாள்.

மறுபடி ஆரம்பித்த முதல் நாள் பாடத்துக்கு நான் போகாமல் வெளியிலேயே நின்றேன். எல்லாரும் போன பிறகு வெள்ளையம்மா வந்து மடுவத்தைச் சாத்தினாள். தப்பு பண்ணிட்டேன்மா என்றேன். கதவுக் கொக்கியை மாட்டிக்கொண்டே, அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்ல என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் லயத்துக்கு நடந்தாள். மறுநாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் சிலேட்டுக் கொடுத்தாள், என் எழுத்தைப் பார்த்துத் திருத்தினாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இங்க ஒரு கோடு விட்டுட்டீங்க அய்யா என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு இன்றுவரை சொல்லவில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கிற மற்ற கிழவர்களுக்கு நான் ஒன்றும் அதிகம் இல்லை. உன் அம்மாவை மட்டும் இன்னும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ராணி, நீ அவளுக்குக் கடிதம் எழுது, ஆனால் எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அவளை மறுபடி அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கேட்காதே. அது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. நீ சுகமா, பிள்ளை நடக்கிறானா என்று மட்டும் எழுது, அவள் சந்தோஷப்படுவாள். எனக்கு எழுதும்போது எழுத்தைப் பெரிதாக எழுது, யாரிடமும் காட்டாமல் நானே படித்துக்கொள்வேன். பேரனுக்குச் சளி பிடித்தால் கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு கொடு. மழையில் துணி காயப் போடாதே. தள்ள வருகிற தெருக்காரர்களைப் பார்த்து வெட்கப்படாதே, அவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடு, தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆத்தாள் உன்னையும் மாப்பிள்ளையையும் என் பேரனையும் நோய் நொடி இல்லாமல் காப்பாள், உங்கள் வீட்டில் விளக்கு எப்போதும் எரியட்டும். ஆனால் மோட்டாரில் வேண்டாம், இஞ்சின் நின்றதும் லாம்பை அணைக்கச் சொல், அதில் ஒரு பாவமும் இல்லை. என்றைக்காவது மறந்து எரியவிட்டு, யார் போட்டது என்று தெருவில் யாராவது கேட்டால், மாப்பிள்ளை அந்த இடத்திலேயே நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் சொல்லக்கூடாது. இதை அவருக்கு நீயே படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
அர்ச்சுனன் (கைநாட்டு இல்லை, கையெழுத்து)